பட்டம் வாங்காத பறவை மேதை சலீம் அலி

“டிப்ளமோதானே?” என்று யாராவது நம்மை இளக்காரமாகப் பார்த்தால், இந்தப் பெயரைச் சொல்லுங்க... சலீம் அலி! கல்லூரிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். பின்னாளில் பல்கலைக்கழகங்களே அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துப் பெருமைப்பட்டன!

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம்! என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைச் செயலாளர் மில்லார்டு காட்டினார். அன்று பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

பர்மா போய்ச் செய்த சுரங்க வியாபாரம் கைகொடுக்கவில்லை. அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்! வேறு ஆளாயிருந்தால் இடிந்து போயிருப்பார். இவரோ, செலவை மட்டும் கொடுத்தால் போதும், பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சமஸ்தானங்களைக் கேட்டார்.

1933-ல் திருவிதாங்கூர் வந்தார், மனைவி தெஹ்மினாவுடன். நம்ம செங்கோட்டை அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. ஆரியங்காவு தாண்டியுள்ள தென்மலையிலும் முகாம் போட்டார்.

சிவில் நண்பர்களுக்கு சர்வே என்றால் செயினும் தியோடலைட்டும். இவர் சர்வேக்கு பைனாகுலர், துப்பாக்கி, நோட்டுப்புத்தகம். எந்தப் பறவை, எந்த உயரம், எந்த வகைக் காடு, என்ன தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது... எல்லாம் எழுதினார். மலையில் இது ரொம்ப முக்கியம். அடிவாரத்தில் இருக்கிற பறவையெல்லாம் உச்சியில் இருக்காது. உச்சியில் வாழும் சில பறவைகளுக்குக் கணவாய்கூடப் பெரிய வேலிதான்! செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்துச் சோலைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு பறவையைத் தனி இனம் என்று 2017-ல்தான் அறிவித்தார்கள்.

பட்டியல் எதற்கு என்கிறீர்களா? பட்டியல் இல்லாவிட்டால், காடு அழியும்போது எது போனது என்றே தெரியாதே! 2009-ல் பறவை ஆர்வலர்கள் சலீம் அலி முகாமிட்ட இடங்களுக்கே மறுபடி போய்க் கணக்கெடுத்தார்கள். அவர் அன்று எழுதி வைத்ததால்தான் 75 வருட மாற்றத்தை ஒப்பிட முடிந்தது.

அமைதிப் பள்ளத்தாக்கில் அணைத் திட்டம் வந்தபோது, அந்தக் காட்டுக்காகக் குரல் கொடுத்தார். 1984-ல் அது தேசியப் பூங்கா ஆனது. 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை உறுப்பினர் என்று பெருமைகள் வந்து சேர்ந்தன. 1987 ஜூன் 20-ல் மறைந்தார். கோவையில் அவர் பெயரில் ஆய்வு மையம் இருக்கிறது.

நண்பர்களே! கடையநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். சீசனுக்குக் குற்றாலம் போகும்போது எண்ணெயும் துண்டும் மட்டும் போதுமா? ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். பார்த்த பறவை, இடம், தேதி... மூன்றையும் எழுதுவோம். அதற்குப் பட்டம் தேவையில்லை!