ஜொவான்னி ஜென்டிலே: பரீட்சைக்கு முன்பே நடந்த தெரிவு

இத்தாலிய மெய்யியலாளரும் முசோலினி அரசின் முதலாவது கல்வி அமைச்சருமான ஜொவான்னி ஜென்டிலே 1944 ஏப்ரல் 15 அன்று புளோரன்ஸ் நகரில் தமது இல்லத்தின் வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வகுத்த பல்கலைக்கழக அனுமதி முறை, அவர் சேவை செய்த ஆட்சி வீழ்ந்த பின்னரும் பெருமளவில் நீடித்தது. அதன் இறுதித் தளைகள் அகல 1969ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் நுழையத் தகுதியுடையவர் யார், அந்தத் தகுதியை அளப்பது எவ்வாறு என்ற கேள்வி இலங்கையில் தரப்படுத்தலாகவும் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வாகவும் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமானது. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதற்கு மிகவும் இறுக்கமான விடைகளுள் ஒன்றை அளித்தவர் ஜென்டிலே.

பரீட்சையால் உயர்ந்தவர்

ஜென்டிலே 1875 மே மாதத்தில் சிசிலித் தீவின் மேற்கேயுள்ள காஸ்தெல்வெத்ரானோ என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தியவர். வீட்டில் பிள்ளைகள் பலர், செல்வம் குறைவு. திராபானி நகரில் உயர்பள்ளிக் கல்வியை முடித்த அவர், 1893இல் பீசா நகரிலுள்ள ஸ்குவோலா நோர்மாலே என்ற உயர்கல்வி நிறுவனத்தின் போட்டிப் பரீட்சையில் வென்று உதவிச் சம்பளத்துடன் இடம்பெற்றார். கடுமையான பரீட்சை ஒன்றே தெற்கின் ஒரு சிற்றூர் இளைஞனை நாட்டின் அறிவுலக மையத்துக்குக் கொண்டு சென்றது. பிற்காலத்தில் அவர் பரீட்சை மீது வைத்த நம்பிக்கைக்கு இந்த அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

காம்போபாஸ்ஸோவிலும் நேப்பிள்ஸிலும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர், 1906இல் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் வரலாற்றுப் பேராசிரியரானார். 1914 வரை அங்கே கற்பித்தார். சிந்தனை என்பது நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலே என்று கூறும் அவரது மெய்யியல் கோட்பாடு பலெர்மோவில்தான் உருவம் பெற்றது. கல்வி என்பது ஆசிரியரும் மாணவரும் ஒரே சிந்தனையில் கலக்கும் ஆன்மிகச் செயல் என்ற கருத்தையும், கல்வியியல் பற்றிய தமது முக்கிய நூலையும் அவர் அங்கிருந்த ஆண்டுகளிலேயே வளர்த்தெடுத்தார்.

அவர் விரிவுரை நிகழ்த்திய நகரின் தென்கிழக்கு ஓரத்தில், மாண்டரின் தோடந்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற சியாகுல்லி போன்ற கிராமங்கள் இருந்தன. 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது சிசிலி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுத்தறிவற்றவர்களாக இருந்தனர். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளியை முடிப்பதே அரிதான காலம் அது. பல்கலைக்கழகத்துக்கும் அத்தகைய கிராமங்களுக்கும் இடையிலான தொலைவு சில கிலோமீற்றர்கள்தான். ஆனால் ஜென்டிலேயின் கல்விச் சிந்தனையில் அந்தத் தொலைவு ஒரு பிரச்சினையாக இடம்பெறவில்லை.

1923ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

1922 அக்டோபரில் முசோலினி ஆட்சியைக் கைப்பற்றியபோது ஜென்டிலே கல்வி அமைச்சரானார். அடுத்த ஆண்டிலேயே, நாடாளுமன்றம் வழங்கியிருந்த முழு அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஆணைகள் வாயிலாக முழுக் கல்வி அமைப்பையும் மாற்றினார். படித்த வேலையற்றோர் பெருகிவிட்டனர், பள்ளிகளின் தரம் தாழ்ந்துவிட்டது என்ற கவலை அப்போது அறிவுலகில் பரவலாக இருந்தது. மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தை உயர்த்துவதே அவரது நோக்கம். கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 14 ஆக நிர்ணயிக்கப்பட்டதும் இதே சீர்திருத்தத்தில்தான்.

உயர்பள்ளியின் முடிவில் அரச பரீட்சை ஒன்று அறிமுகமானது. அரசுப் பள்ளி மாணவரும் தனியார் பள்ளி மாணவரும் ஒரே பரீட்சையை, தமக்குக் கற்பிக்காத வெளி ஆசிரியர்களைக் கொண்ட குழுவின் முன் எழுத வேண்டும். ஜென்டிலேயின் நெருங்கிய நண்பரும் முந்தைய கல்வி அமைச்சருமான பெனெதெத்தோ குரோச்சே முன்மொழிந்தும் நிறைவேறாத திட்டம் இது. தம் மாணவருக்குத் தாமே புள்ளி வழங்கும் வழக்கம் இதனால் முடிவுக்கு வந்தது. இந்த அளவில் அது நியாயமான ஏற்பாடு என்பதை அவரது எதிர்ப்பாளர்கள் சிலரும் ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் உண்மையான தெரிவு அந்தப் பரீட்சைக்குப் பல ஆண்டுகள் முன்பே நிகழ்ந்துவிட்டது. தொடக்கப் பள்ளியை முடித்த சுமார் பதினொரு வயதில் பிள்ளைகள் வெவ்வேறு பாதைகளில் பிரிக்கப்பட்டனர். இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் செம்மொழி உயர்பள்ளியிலிருந்து வந்தவருக்கு மட்டுமே பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளும் திறந்திருந்தன. அறிவியல் உயர்பள்ளி மாணவருக்குச் சட்டமும் இலக்கியமும் மூடப்பட்டன. தொழில்நுட்பப் பள்ளியில் படித்தவர் வணிகம், வேளாண்மை போன்ற சில துறைகளுக்கு மட்டுமே செல்ல முடிந்தது. தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகளை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட துணைநிலைப் பள்ளியிலிருந்து மேற்கொண்டு செல்ல வழியே இல்லை. பெண்களுக்கென உருவாக்கப்பட்ட தனி உயர்பள்ளியும் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லவில்லை. போதிய மாணவியர் சேராததால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

அரச பரீட்சையின் மேசையில் அனைவரும் சமம். அந்த மேசை வரை வந்து சேர்வோர் யார் என்பதைக் குடும்பத்தின் வசதியும் வீட்டில் பேசப்படும் மொழியும் முன்கூட்டியே தீர்மானித்தன. போட்டிப் பரீட்சையால் உயர்ந்த ஒருவரின் அமைப்பில், மருந்துக்கடைக்காரரின் மகனுக்கு வழி இருந்தது. தோட்டத் தொழிலாளியின் மகனுக்கு இருக்கவில்லை.

ஆட்சியின் நிழலில்

சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் மத்தெயோத்தி 1924 ஜூனில் கொல்லப்பட்டதை அடுத்த நெருக்கடியின்போது ஜென்டிலே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். எனினும் பாசிசத்தை விட்டு அவர் விலகவில்லை. 1925இல் பாசிச அறிவாளிகளின் பிரகடனத்தை எழுதினார். குரோச்சே எதிர்ப் பிரகடனம் வெளியிட, இருவரது நட்பும் முறிந்தது. 35 தொகுதிகள் கொண்ட இத்தாலியக் கலைக்களஞ்சியத்தை அவர் நெறிப்படுத்தினார். ஆட்சிக்கு வெளியேயிருந்த அறிஞர்களுக்கும் அதில் இடமளித்தார். 1931இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டிலும் அவருக்குப் பங்கிருந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டசின் பேர் மட்டுமே.

1938இல் யூதர்கள் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். யூத அறிஞர்கள் சிலருக்குத் தனிப்பட்ட முறையில் உதவிய ஜென்டிலே, அந்தச் சட்டங்களைப் பகிரங்கமாக எதிர்க்கவில்லை. தகுதியைப் போற்றிய அவரது அமைப்பு, தகுதி எவ்வகையிலும் கருதப்படாத ஒரு விலக்கலின் முன் மௌனமாக நின்றது.

1943க்குப் பின்னர் ஜெர்மானியர் தயவில் இயங்கிய முசோலினியின் அரசையும் அவர் ஆதரித்தார். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அவரைக் கொன்றபோது எதிர்ப்பியக்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. கொலையை வெளிப்படையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர் திரிஸ்தானோ கொதிஞோலா. இவரது தந்தை ஜென்டிலேயின் சீர்திருத்தத்தில் துணைநின்றவர்.

அனைத்து உயர்பள்ளி மாணவருக்கும் பல்கலைக்கழகத்தைத் திறந்துவிட்ட 1969ஆம் ஆண்டுச் சட்டம், சோசலிசக் கட்சியைச் சேர்ந்த இதே கொதிஞோலாவின் பெயரால் அறியப்படுகிறது. அதற்கு முன், 1962இல், 14 வயது வரை அனைவருக்கும் பொதுவான இடைநிலைப் பள்ளி உருவாக்கப்பட்டிருந்தது.

இலங்கையுடன் ஓர் ஒப்பீடு

இத்தாலி கதவைத் திறந்த சில ஆண்டுகளில் இலங்கை எதிர்த் திசையில் சென்றது. 1971இல் பொறியியல் துறைக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாக நிர்ணயிக்கப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஜென்டிலே பரீட்சைக்கு முன்பே மாணவரைப் பிரித்தார். கொழும்பு அரசு பரீட்சைக்குப் பின்னர் புள்ளிகளின் பெறுமதியை மாற்றியது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மொழி அடிப்படையிலான வேறுபட்ட அளவுகோல் தமிழ் இளைஞர்களுக்கு அநீதியாகவே தெரிந்தது. அதன் அரசியல் விளைவுகள் பல தசாப்தங்கள் நீடித்தன.

அந்தப் போரிலிருந்து வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் 1980கள் முதல் பலெர்மோவில் குடியேறினர். வீட்டு வேலைகளில் ஈடுபட்டுத் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அந்தப் பிள்ளைகள் இன்றும் சுமார் 14 வயதில் உயர்பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, தொழிற்பள்ளி என்ற மூன்று பாதைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது. சட்டப்படி எந்தப் பாதையிலும் ஐந்தாண்டுகள் படித்து அரச பரீட்சையில் தேறியவர் பல்கலைக்கழகம் செல்லலாம். எனினும் நடைமுறையில் அந்த முதல் தெரிவு பெருமளவு எதிர்காலத்தை நிர்ணயிக்கிறது.

மருத்துவம் போன்ற துறைகளில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடங்களை மீண்டும் மட்டுப்படுத்தியது. 2025இல் மருத்துவ நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, முதல் அரையாண்டில் விரும்பியோரைச் சேர்த்துப் பின்னர் பரீட்சை வாயிலாக வடிகட்டும் முறை வந்தது. கல்வி அமைச்சின் பெயரிலேயே 2022 முதல் தகுதி என்ற சொல் இடம்பெற்றுள்ளது. சல்லடையை எங்கே வைப்பது என்ற விவாதம் ஓயவில்லை. ஒரே வினாத்தாள் அனைவருக்கும் தரப்படுவதால் மட்டும் போட்டி நியாயமாகிவிடாது என்பதையே ஜென்டிலே விட்டுச் சென்ற அமைப்பின் வரலாறு காட்டுகிறது. அந்த வினாத்தாளின் முன் வந்து அமர முடியாமற்போனவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.