வானில் பொருத இளைஞர் இந்திரலால் ராய்

எம் தமிழ்த்துறை மாணவர்களுடன் ஒரு கோடை நாளில் மரக்காணம் சென்றிருந்தோம். சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுக்களைக் கண்டபின், உப்பளத்து வரப்பொன்றில் வந்து நின்றோம். பாத்திகளில் உப்பு வாரிக் கொண்டிருந்த மக்கள், வடக்கிலிருந்து வந்த விமானத்தின் ஒலி கேட்டு, நெற்றியில் கை வைத்து வானை நோக்கினர். கடந்துபோனது தாம்பரத்து விமானமாக இருக்கலாம் என்றனர் சிலர். விமானிகளுக்குப் பயிற்சி அளிப்போரை உருவாக்கும் விமானப்படைப் பள்ளி அங்குள்ளது என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தோம். அப்போது மாணவர் ஒருவர், விமானப் போரில் பெயர் பெற்ற முதல் இந்தியர் யார் என வினவினார். அவ்வினாவிற்கு வரப்பில் நின்று சொன்ன சுருக்கமான விடையையே இங்கு விரித்து எழுதுகின்றோம்.

எம்டனும் ஒரு பள்ளிச் சிறுவனும்

முதல் உலகப் போரை நம் கடற்கரை மறந்ததில்லை. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகிக் குண்டுமாரி பொழிந்தது. எண்ணெய்க் கொப்பரைகள் தீப்பற்றி எரிந்தன. நகரத்து மக்கள் பலர் உள்நாட்டிற்கு ஓடினர். அஞ்சத்தக்க ஆற்றலுடையவனை எம்டன் என்று கூறும் வழக்கு அந்நாளில் தோன்றி இன்றும் நம் பேச்சில் நிலவுகின்றது.

அந்த இரவில் இலண்டன் மாநகரில் பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவர் புனித பவுல் பள்ளி மாணவராக இருந்தார். அவரே இந்திரலால் ராய். 1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தையார் பியாரிலால் ராய் வழக்கறிஞர். குடும்பம் கிழக்கு வங்கத்துப் பாரிசால் பகுதியைச் சார்ந்த நிலவுடைமைக் குடும்பம். அன்னையார் லோலிதா ராய், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி இலண்டனில் உழைத்த பெருமாட்டி. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அந்நகரில் நடைபெற்ற பெண்கள் பேரணியில் இந்தியப் பெண்களின் அணி இடம்பெற அவர் முன்னின்றவர். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டே அக்குடும்பம் இலண்டனில் வாழ்ந்தது.

மறுக்கப்பட்ட வாயில்

இங்கு ஓர் உண்மையை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். அப்போரில் பதின்மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் பங்குகொண்டனர்; எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 1914 அக்டோபர் 31ஆம் நாள் பெல்ஜியத்துக் களத்தில், உடனிருந்தோர் அனைவரும் வீழ்ந்த பின்னும் இயந்திரத் துப்பாக்கியை விடாது இயக்கிய குதாதாத் கான் என்னும் வீரருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய வீரர் அவரே. ஆயினும் இந்தியர் எத்துணை வீரம் காட்டினும், ஆங்கிலேயருக்கு நிகரான அரச ஆணை பெற்ற அதிகாரியாதல் போரின் தொடக்க ஆண்டுகளில் அரிதினும் அரிது. நம்மவர் படைவீரராகலாம், படை நடத்துவோராதல் எளிதன்று என்பதே அன்றைய நிலை.

விமானப் படையின் தேவை பெருகியபோது இவ்வாயில் சிறிது திறந்தது. 1917ஆம் ஆண்டில் நான்கு இந்திய இளைஞர்கள் அரச பறக்கும் படையில் அதிகாரிகளாயினர். இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், எரோல் சென், கிருஷ்ண வெலிங்கர் ஆகியோரே அந்நால்வர். இந்திரலாலுக்குக் கண்பார்வை போதாதென முதலில் மறுப்பு வந்தது என்றும், அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று அப்பணத்தைக் கொண்டு சிறந்த கண் மருத்துவரிடம் சான்று பெற்று மீண்டும் விண்ணப்பித்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1917 ஏப்ரலில் படையில் சேர்ந்தவர், ஜூலை 5ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பிணவறையிலிருந்து மீண்டவர்

அக்டோபர் இறுதியில் பிரான்சு நாட்டுக் களத்தில் 56ஆம் விமானப் பிரிவிற்கு அவர் அனுப்பப்பெற்றார். புகழ்மிக்க விமானிகள் பலர் பணிபுரிந்த பிரிவு அது. அவருக்குக் கிட்டிய விமானம் எஸ்.இ.5ஏ என்பது. இரட்டை இறக்கைகளும் ஓர் இருக்கையும் கொண்டது. மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் விரைவில் பறக்க வல்லது. சுழலும் விசிறியின் இடைவெளியூடே சுடும் துப்பாக்கி ஒன்று, மேல் இறக்கையின்மீது பொருத்திய துப்பாக்கி ஒன்று என இரண்டு படைக்கலங்களை உடையது. சட்டம் மரத்தாலானது, போர்வை துணியாலானது. இருக்கைக்கு மூடியில்லை. பேசுதற்கு வானொலிக் கருவியில்லை. இறக்கையை அசைத்தும் வண்ணத் தீப்பொறி வீசியுமே தோழர்க்குக் குறிப்புணர்த்த வேண்டும். இவை எல்லாவற்றினும் கொடியது, ஆங்கிலப் படை தன் விமானிகளுக்கு வான்குடை வழங்கவில்லை என்பது. விமானம் தீப்பற்றினால் விமானிக்கு வேறு புகலில்லை.

1917 டிசம்பர் 6ஆம் நாள் அவர் ஓட்டிய விமானம் தரையில் மோதியது. உணர்விழந்து கிடந்தவரை இறந்தார் எனக் கருதிப் பிணவறையில் இட்டனர். நள்ளிரவில் உணர்வு பெற்ற அவர், பூட்டிய கதவைத் தட்டிக் குரல் எழுப்பினார் என்பர். இறந்தவர் எழுந்து தட்டுகிறார் என்றெண்ணிய காவலர் கதவைத் திறக்கவும் நடுங்கினாராம். இறைவன் தந்த இரண்டாம் வாழ்வு எனக் கொண்டு, அத்தோடு அவர் ஒதுங்கியிருப்பின் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பறத்தற்குத் தகுதியற்றவர் என மருத்துவர்களும் முடிவுரைத்தனர். அவரோ மருத்துவ ஓய்வுக் காலத்தில் விமானங்களை ஓவியமாகத் தீட்டிக் கொண்டிருந்தார். மீண்டும் பறக்க இசைவு தருமாறு மேலோரை விடாது வேண்டினார். பலமுறை கேட்டபின் இசைவு கிடைத்தது.

இரண்டு வாரங்கள்

1918 ஏப்ரல் 1ஆம் நாள் அரச பறக்கும் படை அரச விமானப் படையாக மாறியது. ஜூன் திங்களில் 40ஆம் பிரிவிற்கு இந்திரலால் மாற்றப்பெற்றார். அங்கு அவருக்குத் தலைவராய் வாய்த்தவர் ஜார்ஜ் மக்எல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். நாற்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளை ஈட்டிய வல்லுநர். முதற் களத்தில் அரைகுறைப் பயிற்சியோடு இடர்ப்பட்ட இளைஞர், இவ்வாசானின்கீழ்த் தேர்ந்த விமானியானார். ஆசிரியர் அமைவதைப் பொறுத்தே மாணவர் உயர்வதும் தாழ்வதும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

அக்காலத்து வான்போரை வெறும் வீர விளையாட்டாக எண்ணுதல் பிழை. இருவர் அமர்ந்து செல்லும் உளவு விமானங்கள் பகைவரின் பதுங்குகுழிகளைப் படம் பிடித்தன; பீரங்கிக் குண்டுகள் எங்கு வீழ்கின்றன எனப் பார்த்துச் செய்தி அனுப்பின. அவற்றை மேலே தடுக்காவிடின் கீழே குழிகளில் கிடப்போர் நூற்றுக்கணக்கில் மடிவர். ஆகவே அவற்றை வீழ்த்துவதும், தம் பக்கத்து உளவு விமானங்களைக் காப்பதும் சண்டை விமானங்களின் கடமையாயின. கதிரவனை முதுகுப்புறம் கொண்டு உயரத்திலிருந்து பாய்பவன் வெல்வான்; கவனம் சிதறியவன் வீழ்வான்.

ஜூலை 6ஆம் நாள் இந்திரலால் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 8ஆம் நாள் நான்கு மணி நேரத்திற்குள் மூன்று வெற்றிகள்; 13ஆம் நாள் இரண்டு; 15ஆம் நாள் இரண்டு; 18ஆம் நாள் ஒன்று; 19ஆம் நாள் ஒன்று. இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள். அவற்றுள் இரண்டு தோழரோடு பகிர்ந்தவை. ஐந்து விமானங்களை வீழ்த்தியோரை ஏஸ் என அழைப்பது படை வழக்கு. அப்போரில் அச்சிறப்பை எய்திய இந்தியர் இவர் ஒருவரே.

ஜூலை 22ஆம் நாள் பிரான்சின் கார்வின் நகருக்கு மேலே செருமானியரின் போக்கர் விமானங்களோடு கடும்போர் மூண்டது. இந்திரலாலின் விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. இம்முறை தட்டுதற்குக் கதவில்லை. பத்தொன்பது ஆண்டுகளும் ஏழு திங்களுமே அவர் இவ்வுலகில் வாழ்ந்தார். ஒன்பது நாட்களுக்குப் பின், ஜூலை 31ஆம் நாள், ஆசான் மக்எல்ராயும் களத்தில் மாண்டார். நவம்பர் 11ஆம் நாள் போரே முடிந்தது.

செப்டம்பர் திங்களில் இந்திரலாலுக்கு டிஸ்டிங்குவிஷ்ட் பிளையிங் கிராஸ் என்னும் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பெறுவதற்குத்தான் அவர் இல்லை. பிரான்சில் எஸ்தவெல் என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கின்றார். களத்தில் பட்ட வீரனுக்குக் கல் நட்டுப் பேரும் பீடும் எழுதியது நம் தமிழ் மரபு. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கங்களில் அத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம். அயல் மண்ணில் நின்ற போதிலும் அக்கல்லறையும் ஒரு நடுகல்லே.

நாம் எண்ண வேண்டுவன

இவ்வரலாற்றைக் கேட்ட மாணவர் சிலர் ஓர் ஐயம் எழுப்பினர். நம்மை அடிமைப்படுத்திய பேரரசிற்காகப் போரிட்டவரை நாம் போற்றலாமா என்பது அது. நேர்மையான ஐயம், மூடி மறைத்தற்குரியதன்று. அப்போர் நம் நாட்டின் விருப்பத்தால் எழுந்ததன்று. போரில் இந்தியர் சிந்திய குருதிக்குக் கைம்மாறாக 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்கில் கிடைத்தது துப்பாக்கிச் சூடே. அவர் வீழ்த்திய விமானங்களில் இருந்தோரும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. ஆகவே வெற்றிகளின் எண்ணிக்கையை முன்வைத்து நாம் அவரைப் போற்றவில்லை.

எதற்காகப் போற்றுகின்றோம்? இந்தியனால் இது இயலாது என எழுதாமல் எழுதியிருந்த தீர்ப்பை அவர் தம் உயிரால் திருத்தினார். அவர் வழியில் நடந்தோர் பின்னர் நம் நாட்டிற்கே பயன்பட்டனர். 1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை தோன்றியது. அதன் முதல் விமானிகளுள் ஒருவரும், 1954 ஏப்ரலில் அப்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியருமாகிய சுப்ரதோ முகர்ஜி, இந்திரலாலின் உறவினரே. தனக்குத் திறந்த சிறு கதவை அடுத்தவர் பெருங்கதவாகக் காணும்படி விட்டுச் செல்வதே முன்னோடியின் பணி. நூறாம் பிறந்தநாளையொட்டி 1998 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்னும் அறிஞர் சிறகு கட்டிப் பறந்து பார்த்ததும், இறங்குகையில் காயமுற்றதும் வரலாறு கூறும் செய்தி. மனிதன் பறக்க விழைந்தது கொல்வதற்காக அன்று, அறிவதற்காக. இந்திரலால் நோயிற் கிடந்து தீட்டியவையும் விமானத்தின் வடிவங்களே. அமைதிக் காலத்தில் பிறந்திருப்பின் அக்கைகள் விமானம் அமைத்திருக்கவும் கூடும். பத்தொன்பது வயதில் அவரை நாம் இழந்தோம் என்பதே போரைப் பற்றி நாம் கற்க வேண்டிய பாடம்.

மாலையில் மரக்காணத்திலிருந்து புறப்பட்டபோது உப்பளத்து மக்களும் வீடு திரும்பிக் கொண்டிருந்தனர். பல நாள் வெயிலில் விளைந்த உப்பை ஒரு மழை கரைத்துவிடும் என்று அவர்களுள் முதியவர் ஒருவர் எம்மிடம் கூறியிருந்தார். கரைந்தாலும் மறுநாள் பாத்தியைச் சீர் செய்து நீர் பாய்ச்சத் தொடங்குவதே அவர்கள் வழக்கம். ஒருமுறை வீழ்ந்தும் மீண்டும் பறக்க விழைந்த இளைஞரை நினைந்துகொண்டு, வினாவெழுப்பிய மாணவரோடு யாமும் பேருந்தில் ஏறினோம்.