பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்

நம் காலனியில் வளரும் குழந்தைகளுள் பெரும்பாலோர் கேரளத்து மண்ணில் பிறந்தவர்கள். மழை அவர்களுக்குக் கேளாமலே கிடைத்த செல்வம். குமுளியிலிருந்து மலையிறங்கி லோயர்கேம்ப் சென்றவர்கள் இதனை நன்கு உணர்ந்திருப்பர். மேற்கே பீர்மேட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, முகட்டைத் தாண்டிய கம்பம் பள்ளத்தாக்கில் 1,000 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. முகட்டின் எப்பக்கம் பிறந்தோம் என்பது நம் முயற்சியால் அமைந்ததன்று. இந்த வேறுபாட்டைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஓரளவு குறைத்த ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகிறேன்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனே நகரில் பிறந்தார். வெள்ளைக்காரர் என்று நாம் வழங்கினும் அவர் பிறந்த மண் பாரதமே. தந்தையார் பிரிட்டிஷ் படைத்தலைவர். 1849 ஜனவரி 13 அன்று சிலியன்வாலா போர்க்களத்தில் தந்தையும் மூத்த சகோதரரும் ஒரே நாளில் மாண்டனர். ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டே நாட்கள் இருந்தன. பின்னர் அவர் இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியிலும் கற்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அமர்ந்து, 1860இல் இந்தியா வந்தார். ஆளும் இனத்தில் பிறந்ததால் கிட்டிய வாய்ப்புகள் இவை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மதுரைச் சீமையின் உழவர் மகன் எவனுக்கும் அன்று இவை கிட்டியிரா. கிட்டியவற்றை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதே நாம் காண வேண்டுவது.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருடையதன்று. 1789இலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்தார். 1808இல் ஆய்ந்த கால்டுவெல் என்ற படையதிகாரி, இயலாதென்று கைவிட்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின், 1882இல் அப்பணி பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு குத்தகை உடன்படிக்கை ஏற்பட, 1887இல் வேலை தொடங்கிற்று.

இரயில்வே ஊழியன் ஆகையால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தளவாடங்கள் இரயிலில் வந்து இறங்கிய இடம், இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டிப் பயணம்; அதன்பின் மலை, யானைக் காடு, மலேரியா. தொடக்கத்தில் எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. நோயினால் மாண்ட தொழிலாளர் மட்டும் 400 பேருக்கு மேல். அவர்களுள் பலருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் 1,200 அடி நீளமும் 176 அடி உயரமும் கொண்ட அணை எழுந்தது. ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 அக்டோபரில் பெரியாற்று நீர் வைகையை நோக்கி இறங்கியது.

இங்கிலாந்திலிருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அவர் அணையைக் கட்டினார் என்று நம்மவர் மேடைகளில் உருக்கமாகச் சொல்வதுண்டு. அதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. செலவை ஏற்றது சென்னை மாகாண அரசே. அக்கதை இல்லாமலே அம்மனிதர் பெரியவர் என்பது என் கருத்து. அணையின் வலிமை, நீர்மட்டம் ஆகியவை பற்றி இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் வாதிட்டதை அறிவோம். அணைக்குக் கீழே வாழும் மலையாள அன்பர்களின் அச்சமும் பொய்யன்று; அவர்கள் நடுவே வாழும் நாம் அதனை எள்ளலாகாது.

1896இல் இந்தியா நீங்கிய பென்னிகுயிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரிக்குத் தலைவரானார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் பற்றி ஆலோசனை கூறினார். 1911 மார்ச் 9 அன்று காம்பர்லியில் காலமானார்.

லோயர்கேம்பில் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. ஜனவரி 15 அன்று தேனி மாவட்டத்து உழவர்கள் அவருக்குப் பொங்கலிடுகின்றனர். கம்பம், கூடலூர்ப் பக்கங்களில் பென்னிகுயிக் என்று பெயர் தாங்கிய உழவர் மக்களையும் இன்று காணலாம்.