பீரங்கி துளைத்து வெப்பத்தை அறிந்தவர்



மழுங்கின டிரில் பிட்டைப் போட்டு ஓட்டினா ஜாப் கையைச் சுடும், துளை மட்டும் இறங்காது. அந்தச் சூட்டை ஆராய்ந்த கவுண்ட் ரம்ஃபோர்டு மேல், மெக்கானிக்கல் மாணவனான எனக்குத் தனி மரியாதை உண்டு.

இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தார். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றதால் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. பிறகு ஜெர்மனியின் பவேரியாவில் பெரிய பதவி. அங்கே மியூனிக் ஆயுதசாலையில் பீரங்கி துளைப்பதை மேற்பார்த்தார். வெப்பம் என்பது பொருளுக்குள் இருக்கும் 'கலோரிக்' எனும் ஒருவகைத் திரவம் என்று அன்று பலர் நம்பினர். ரம்ஃபோர்டு விடவில்லை. வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியை வைத்து, உலோகத்தைச் சுற்றித் தண்ணீர்ப் பெட்டி அமைத்து, குதிரைகளால் சுற்ற வைத்தார். நெருப்பே இல்லை, இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது! உராய உராய சூடு வந்துகொண்டே இருந்தது. தீராத ஒன்று திரவமாக இருக்க முடியுமா? வெப்பம் ஒருவகை இயக்கமே என்று 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். 1814-ல் பாரிஸ் அருகே மறைந்தார்.

இது பீரங்கியோடு முடியவில்லை. பல் டாக்டர் வேருக்குள் ஆணி பொருத்தத் துளை போடும்போதும் இதே கதைதான். சூடு வேரைத் தாண்டி எலும்புக்குப் போகும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு கெடும் என்று 1983-ல் முயல்களில் நடந்த சோதனை காட்டியது. அதனால்தான் கூரான கருவி வேண்டும், விட்டுவிட்டுத் துளைக்க வேண்டும் என்கிறார்கள்.

ஜாப் கெட்டா வேறு ஜாப் எடுக்கலாம். எலும்புக்கு எங்கே போவது? டூலைச் சாணை பிடிக்கச் சோம்பல் வந்தால் ரம்ஃபோர்டை நினையுங்கள்!