உக்காத வலையும் உருகிப்போன நூலும்: வொலஸ் கரோதர்ஸின் கதை

விடத்தல்தீவில் ஒருவரின் வலையை இழுவைமடிப் படகு அறுத்துக்கொண்டு போனால் அவருக்கு வலையும் போகிறது, அன்றைய பாடும் போகிறது. அறுந்த வலைக்கு மட்டும் ஓய்வில்லை. சொந்தக்காரன் இல்லாமலே அது கடலடியில் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். பனிச்சங்காய்ச் சாறு ஊட்டிக் காயவைத்த அந்தக் காலத்துப் பருத்தி வலை என்றால் சில மாதங்களில் உக்கிவிடும். நைலோன் உக்காது.

அந்த நைலோனைத் தந்தவர் வொலஸ் ஹியூம் கரோதர்ஸ். உக்கக்கூடிய நூல் ஒன்று அதற்கும் முன்பே அவருடைய ஆய்வுகூடத்தில் பிறந்து, உதவாது என்று ஒதுக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1896 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். தந்தை வணிகக் கல்லூரி ஆசிரியர். பெரிய வசதி இல்லை. மிசூரியில் டார்க்கியோ என்ற சிறு கல்லூரியில் படிக்கும்போதே, இரசாயனவியல் ஆசிரியர் விலகிப் போனதால் அந்த வகுப்புகளை மாணவரான இவரிடமே ஒப்படைத்தார்கள். இலினோய் பல்கலைக்கழகத்தில் 1924இல் கலாநிதிப் பட்டம், பிறகு ஹாவார்டில் ஆசிரியப் பணி. வகுப்பில் நின்று பேசுவது அவருக்கு ஒத்துவரவில்லை. டூபொன்ட் நிறுவனம் வில்மிங்டனில் அடிப்படை ஆய்வுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, ஏறக்குறைய இரு மடங்கு சம்பளத்துடன் அழைத்தது. உடனே போய்விடவில்லை. தன்னை அவ்வப்போது பிடிக்கும் மனச்சோர்வு வேலையைக் கெடுக்கும் என்று வெளிப்படையாக எழுதித் தயங்கினார். நிறுவனம் விடவில்லை. 1928இல் சேர்ந்தார்.

இறப்பர், பட்டு, பருத்தி போன்றவை சிறு மூலக்கூறுகளின் கும்பலா, அல்லது ஒரே நீண்ட சங்கிலியா என்பது அப்போது பெரிய சர்ச்சை. சங்கிலிதான் என்று ஜேர்மனியில் ஸ்டோடிங்கர் வாதாடிக்கொண்டிருந்தார். கரோதர்ஸ் வாதாடவில்லை, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கட்டிக் காட்டுவோம் என்று இறங்கினார். இரு முனையிலும் அமிலம் உள்ள மூலக்கூறையும் இரு முனையிலும் அற்ககோல் உள்ள மூலக்கூறையும் கோத்தால் எசுத்தர் பிணைப்புகளாலான சங்கிலி வரும். அதுதான் பொலியெஸ்டர்.

ஆனால் ஒவ்வொரு பிணைப்பு உண்டாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அந்த நீர் அங்கேயே நின்றால் கட்டிய பிணைப்பைத் திரும்ப வெட்டிவிடும். அதனால் அவர்களின் சங்கிலிகள் 5,000, 6,000 மூலக்கூற்று நிறையோடு நின்றுபோயின. வெற்றிடத்தில் சூடாக்கி, வெளிவரும் நீரைக் குளிர்ந்த பரப்பில் பிடித்து அகற்றும் சாதனம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1930 ஏப்ரலில் உதவியாளர் ஜூலியன் ஹில் பாத்திரத்திலிருந்து ஒரு கோலை வெளியே இழுத்தபோது பொருள் நூலாக நீண்டது. ஆறிய நூலை மேலும் இழுத்தால் பட்டுப்போல் மினுங்கிப் பலமடைந்தது. கரோதர்ஸ் இல்லாத ஒரு நாளில் கூட்டாளிகள் எவ்வளவு தூரம் நீளுகிறது பார்ப்போம் என்று அதை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார்களாம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த நூல் சுடுநீரில் உருகியது. நீரும் அதைச் சிதைத்தது. துணிக்கு ஆகாத சரக்கு. இலக்ரிக் அமிலத்திலிருந்து வரும் சங்கிலியையும், சக்சினிக் அமிலத்திலிருந்து வரும் சங்கிலிகளையும் அந்த ஆண்டுகளில் அவர் முறையாக ஆராய்ந்தார். அவையும் ஓரமாகப் போயின. புதிய மேலதிகாரி போல்டனுக்குச் சந்தைக்குப் போகும் நூல் வேண்டியிருந்தது. எசுத்தர் பிணைப்பை விட்டு அமைட் பிணைப்புக்கு மாறினார்கள். 1935 பெப்ரவரி 28 அன்று, ஆறு ஆறு காபன் கொண்ட இரு பொருள்களிலிருந்து நைலோன் கிடைத்தது. உருகுவதற்கு 260 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். நீருக்கும் நுண்ணுயிருக்கும் லேசில் மசியாது.

1936இல் அவர் ஹெலன் ஸ்வீற்மனை மணந்தார். தேசிய விஞ்ஞானக் கழகத்துக்கும் தெரிவானார். தொழில்துறையிலிருந்து அந்தப் பெருமை பெற்ற முதல் சேதன இரசாயனவியலாளர் அவர்தான். மனச்சோர்வோ விடவில்லை. 1937 ஜனவரியில் அன்புத் தங்கை இஸபெல் இறந்தார். ஏப்ரல் 29 அன்று, 41 வயது நிறைந்து இரண்டே நாளில், கரோதர்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் ஜேன் பிறந்தது நவம்பரில். நைலோன் காலுறைக்குக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது 1940 மே மாதத்தில். போருக்குப் பின் அந்த நூல் உலகம் முழுவதும் வலையானது; நமது கரைக்கும் வந்தது.

ஒதுக்கிய பொலியெஸ்டர்களை உலகம் திரும்பத் தேடியது பிளாஸ்டிக் குப்பை குவிந்த பிறகுதான். எளிதில் உருகுவதும் நீரால் சிதைவதும் இப்போது குற்றமல்ல, தகுதி. அவற்றை நொதியங்களால் கட்டும் முயற்சியும் நடக்கிறது. நமது குடலில் கொழுப்பைச் செரிப்பது லிப்பேசு என்ற நொதியம். கொழுப்பும் எசுத்தர்தான், நீரைச் சேர்த்து அதை வெட்டுவது லிப்பேசின் வேலை. நீரை அகற்றிவிட்டால் அதே நொதியம் திரும்பிக் கட்டத் தொடங்கும். கரோதர்ஸின் பாத்திரத்தில் நடந்த அதே நீர் விவகாரம்தான். அந்தாட்டிக்காவில் கிடைத்த ஒரு மதுவ இனத்தின் லிப்பேசுக்கு இதில் நல்ல பெயர். வழக்கமான முறையில் உலோக ஊக்கிகளோடு 200 பாகைக்கு மேல் வேண்டும். நொதியத்துக்கு நூற்றுக்குள் போதும். விலையும் சங்கிலி நீளமும் இன்னும் தடைதான். ஆகவே இன்றைய உக்கும் பொலியெஸ்டர்களில் பெரும்பகுதி பழைய முறையில்தான் வருகிறது.

தென் கொரியாவில் சக்சினேட் பொலியெஸ்டரைக் கொண்டு செவுள் வலை பின்னி, அரச மானியத்தோடு மீனவர்களுக்குக் கொடுத்தார்கள். நைலோனை விட விலை கூட என்பதால் மானியம். நோர்வேயில் அத்தகைய வலைகளைப் பரிசோதித்தபோது நைலோன் வலையை விடக் குறைவாகவே மீன் பட்டது. கடனுக்கு வலை எடுப்பவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பது நியாயமே. விடத்தல்தீவில் 29,180 ஹெக்டேயரை இயற்கை ஒதுக்கமாக 2016இல் அறிவித்த அரசு, 2024இல் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீரியல் வளர்ப்புக்கு விடுவிக்க முனைந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒதுக்கத்தின் எல்லை பற்றி இவ்வளவு பேச்சு. அதன் கடலுக்குள் கிடக்கும் வலை பற்றியோ, உக்கும் வலைக்கு மானியம் கொடுப்பது பற்றியோ பேச்சே இல்லை.