குறும்புக் கேள்விகளின் வாத்தியார்

குழந்தைகளே! பறந்து வரும் துப்பாக்கிக் குண்டை வெறுங்கையால் பிடிக்க முடியுமா? உலகத்தில் உராய்வே இல்லாமல் போனால் என்ன ஆகும்? வகுப்பில் இப்படியெல்லாம் கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பெயர்தான் கிடைக்கும், இல்லையா? ஆனால், இத்தகைய கேள்விகளைத் தாமே கேட்டு, தாமே பதிலும் சொல்லிப் புகழ்பெற்ற ஒருவர் இருந்தார். அவர்தான் ரஷ்யாவைச் சேர்ந்த யாக்கோவ் பெரல்மான்.

இவர் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி பியாலிஸ்டாக் நகரில் பிறந்தார். இந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை கணக்கெழுதும் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்த மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். ஆசிரியையாக இருந்த தாய்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

1899ஆம் ஆண்டு, நவம்பரில் வானத்திலிருந்து நெருப்பு மழை பொழியும், உலகம் அழியும் என்று ஒரு வதந்தி பரவியது. மக்கள் நடுங்கினர். அப்போது பெரல்மானுக்கு வயது 16, பள்ளி மாணவர். எரிநட்சத்திரங்களைப் பற்றி விளக்கி, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு செய்தித்தாளில் கட்டுரை எழுதினார். நவம்பர் வந்தது; போனது. உலகம் அப்படியே இருந்தது! மக்களின் அச்சத்தைப் போக்கும் மருந்து அறிவியல்தான் என்பதை அந்தச் சிறுவர் புரிந்துகொண்டார்.

பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று வனவியல் படித்து, 1909இல் பட்டம் பெற்றார். ஆனால், காட்டு வேலைக்குப் போகவில்லை. பேனாவைப் பிடித்தார். 1913இல் பொழுதுபோக்கு இயற்பியல் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

நெம்புகோலும் நிற்க ஓர் இடமும் கிடைத்தால் பூமியையே தூக்குவேன் என்றாராம் ஆர்க்கிமிடீஸ். சரி, எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார் பெரல்மான். பூமியை ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்த்த, கோலின் மறுமுனையை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அழுத்தினால், சுமார் 30 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும்! சிரிப்பு வருகிறதா? சிரித்தபடியே நெம்புகோல் பாடத்தைப் படித்துவிட்டீர்கள்.

குண்டைப் பிடிப்பதும் அப்படித்தான். வெகுதூரம் பறந்த குண்டின் வேகத்தைக் காற்று குறைத்துவிடும். அதே திசையில், அதே வேகத்தில் விமானம் பறந்தால், விமானிக்கு அந்தக் குண்டு அருகில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ஈயைப் பிடிப்பதுபோல் பிடித்துவிடலாம். சார்பு வேகம் என்பது இதுதான்.

1935இல் லெனின்கிராட் நகரில் வேடிக்கை அறிவியல் இல்லத்தை அமைத்தார். அங்கு பொருள்களைத் தொட்டுப் பார்க்கலாம், இயக்கியும் பார்க்கலாம். பத்து லட்சம் என்றால் எவ்வளவு என்று காட்ட, கூரையில் அத்தனை மஞ்சள் புள்ளிகள் இடப்பட்டிருந்தன.

1941இல் போர் வந்தது. ஜெர்மானியப் படை லெனின்கிராடைச் சூழ்ந்துகொண்டது. உணவு இல்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 125 கிராம் ரொட்டிதான் என்ற நிலையும் வந்தது. அந்தப் பசியிலும், கடுங்குளிரிலும் முதியவர் பெரல்மான் நடந்தே சென்று வீரர்களுக்கு வகுப்பு எடுத்தார். கருவி ஏதும் இல்லாமல் திசையறிவது எப்படி, தூரத்தை அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். வேடிக்கையாக எழுதிய அறிவியல், உயிர் காக்கும் பாடமாகிவிட்டது.

மருத்துவரான அவர் மனைவி 1942 ஜனவரியில் பசியால் இறந்தார். மார்ச் 16ஆம் தேதி பெரல்மானும் பட்டினியால் உயிர்நீத்தார்.

அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனாலும், நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவருடைய நூல்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்துள்ளன.

செல்லங்களே! உங்கள் மனத்தில் கோணல்மாணலாக ஒரு கேள்வி எழுந்தால் அதை அடக்கிவிடாதீர்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுதான் பெரல்மான் தாத்தா காட்டிய வழி.