சிறுநீரகத்தின் மறை கண்ட மேதை

வட சென்னையில் காசிமேடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கு இரத்த அழுத்தத்தால் வருந்துவோர்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. அந்நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் எனாலப்ரில் போன்ற மருந்துகள் தோன்ற வித்திட்டவர், இராபர்ட் டைகர்ஸ்டெட் என்னும் பேரறிஞர்.

இவர் 1853-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். உடலியல் கற்று, சுவீடனில் கரோலின்ஸ்கா கல்லூரிப் பேராசிரியரானார். அங்கே பெர்க்மன் என்னும் மாணவருடன் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். முயலின் சிறுநீரகத்தினின்று எடுத்த சாற்றை வேறொரு முயலின் இரத்தத்தில் செலுத்தவே, அதன் இரத்த அழுத்தம் உயர்ந்தது. சாற்றைக் கொதிக்க வைத்தபோது அவ்வாற்றல் அழிந்தது. அதிலிருந்த பொருளுக்கு ‘ரெனின்’ எனப் பெயரிட்டு, 1898-இல் வெளியிட்டார்.

ஆயினும், உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அமெரிக்க அறிஞர் கோல்டுபிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை இறுக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்திக் காட்டிய பின்னரே, ரெனினின் பெருமை மீண்டும் விளங்கிற்று.

சிறுநீரகத்திற்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறையுமாயின், அது ரெனினைச் சுரக்கிறது. ரெனின், கல்லீரல் ஆக்கும் ஒரு புரதத்தை வெட்டி, ‘ஆஞ்சியோடென்சின் ஒன்று’ என்பதைத் தருகிறது. இது வலியற்றது. பெரும்பாலும் நுரையீரலில் உள்ள ஒரு நொதி இதனை ‘ஆஞ்சியோடென்சின் இரண்டு’ ஆக மாற்றுகிறது. இம்மாற்றத்தை 1954 முதல் 1956 வரை ஸ்கெக்ஸ் குழுவினர் கண்டனர். மாறிய ஹார்மோன் நுண்ணிய தமனிகளைச் சுருக்குகிறது. சிறுநீரகத்திலோ, வடிகட்டும் நாள முடிச்சினின்று வெளியேறும் சிறு நாளத்தையே அது மிகுதியும் ஒடுக்குகிறது. வடிமடையை ஒடுக்கினால் வயலில் நீர் நிற்பதுபோல, முடிச்சில் அழுத்தம் நிலைத்து, வடித்தல் தடையின்றி நடைபெறுகிறது. இச்செயல் அளவு கடந்தால், உடலெங்கும் இரத்த அழுத்தம் ஏறும். அம்மாற்றத்தைத் தடுப்பதே எனாலப்ரிலின் பணி.

டைகர்ஸ்டெட் 1900-இல் தாயகம் திரும்பி, ஹெல்சிங்கியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1918-இல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. தோற்றோர் சிறை முகாம்களில் அடைபட்டுப் பசியாலும் பிணியாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். முதுமை எய்திய நிலையிலும் அவர் முகாமின் நிலையை ஆராய்ந்தார். வென்றோர் சினத்திற்கு அஞ்சாமல், கண்ட உண்மையை அறிக்கையாக எழுதினார்.

1923-இல் அவர் மறைந்தார். தாம் கண்ட ரெனினால் உயிர்கள் பிழைப்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. எனினும், முயலின் குருதியிலும் முகாமின் இருளிலும் அவர் தேடியது உண்மை ஒன்றே. பயன் உடனே விளையாவிடினும் உண்மையைக் கைவிடலாகாது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.